காலையில் பாடிய ஆகிரி

2 மார்ச் 2024, சனி

பங்குனி உத்திரக் கச்சேரியில் ஆகிரி ராகம் பாடப் போகிறேன் என்று கோயில்காரர்களிடம் சொல்லிவிட்டேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் முப்பது வருடமாகச் சரக்குப் பெட்டி எண்ணுகிறவனுக்கு வருடத்தில் ஒரே ஒரு மேடை. அதிலாவது ஆசைப்பட்டதைப் பாட வேண்டாமா?

ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்கள். அதனால் வயிறு நிறைந்த பிறகுதான் பலரும் அதைத் தொடுவார்கள். நானும் இத்தனை நாள் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் பாடிப் பார்த்திருக்கிறேன்.

மனைவி யாமினிக்கு ஒரே சிரிப்பு. இருபத்தெட்டு வருடமாகப் பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள் வேறென்ன செய்வாள்?

"நாளைக்குக் காலையில வெறும் வயித்துல பாடுங்க. நான் பக்கத்துல உக்காந்து ரெண்டு பிளேட் பொங்கல் சாப்பிட்டுக் காட்டறேன். எக்ஸ்பெரிமென்ட் லா!"

"ஒரு தடவை பாடிட்டா ப்ரூவ் ஆயிடுமா?"

"ஆகாது. ரிப்பீட் பண்ணணும். முதல்ல ஒண்ணு பண்ணுங்க."

3 மார்ச், ஞாயிறு

பாடினேன்.

7 மார்ச், வியாழன்

இன்றுதான் எழுதக் கை வருகிறது.

இருபது நிமிடம் பாடினேன். நன்றாக வந்தது, அதுதான் கொடுமை. முடித்ததும் அவள் கை தட்டி, தட்டில் பொங்கலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது அது கீழே விழுந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன். "ஏங்க" என்று கூப்பிட வந்தவளுக்கு "ஏ" மட்டும்தான் வந்தது.

பக்கவாதம். மூளைத்தண்டில் அடைப்பாம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். வலது கை அசையவில்லை, பேச்சு குழறுகிறது, எதையும் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றுகிறார்கள்.

துணி எடுக்கப் பாசிர் ரிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். அந்தத் தட்டு மேசையில் அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குறையாமல் காய்ந்து கிடந்தது.

பாடினது நான். சோறு போனது அவளுக்கு. இது என்ன நியாயம்?

11 மார்ச், திங்கள்

உட்லண்ட்ஸிலிருந்து நாகம்மா அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சவென்றே என்னைவிட ஆறு வருடம் முன்னால் பிறந்தவள்.

"அந்த ராகத்தப் போயி காலங்காத்தால பாடுவாங்களா தம்பி? நம்ம அப்பா இருந்தா விட்டிருப்பாரா?"

மகள் வர்ஷா பாய்ந்துவிட்டாள். "அத்தை, ப்ளீஸ் லா! அம்மாவுக்கு பிரஷர். அதுக்கும் ராகத்துக்கும் என்ன கனெக்‌ஷன்?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கண்ணை மூடினால் கரண்டி விழுகிறது.

12 மார்ச், செவ்வாய்

கச்சேரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனிலிருந்து தம்புரா ஆப்பையும் எடுத்தாயிற்று.

5 ஏப்ரல், வெள்ளி

யாமினி வீட்டுக்கு வந்தாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை பால். ஒவ்வொரு முறையும் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி, அமிலம் காட்டும் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். நிறம் சரியாக இருந்தால்தான் குழாய் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். நான் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு முழித்தேன். அவள் இடது கையால் பிடுங்கிப் பார்த்து, விரல் நான்கைக் காட்டினாள்: பி.எச். நான்கு, சரிதான் என்று. வகுப்பில் மக்குப் பையனைப் பார்க்கிற அதே பார்வை.

சிரிப்பு வந்தது. வந்த சூட்டிலேயே போய்விட்டது. இந்தத் தாளைப் பற்றி எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை ஒன்று. அடுப்பு மூட்டவில்லை. அவள் வந்த நாளிலிருந்து வீட்டில் நான் சாப்பிடுவதில்லை. அவள் மூக்கில் குழாயோடு இருக்கும்போது எதிரில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? "மருந்து வாங்கிட்டு வரேன்" என்று பொய் சொல்லி, கீழே காப்பிக்கடையில் திருட்டுத்தனமாக இரண்டு தோசையை விழுங்கி, மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு மேலே வருகிறேன்.

இன்று வந்ததும் அவள் தன் சின்ன வெள்ளைப் பலகையில் இடது கையால் கோணல் மாணலாக எழுதிக் காட்டினாள்: "சாம்பார்?"

இல்லை என்றேன்.

18 ஏப்ரல், வியாழன்

விழுங்கும் சோதனை. இதற்காகத்தான் இந்த ஆறு வாரமும் காத்திருந்தோம். பயிற்சி கொடுக்கிற ஷபானா நல்ல பெண். "மெதுவா ஆன்ட்டி, தாடையக் கீழ இறக்கி முழுங்குங்க" என்று ஒரு ஸ்பூன் கூழ் கொடுத்தாள். திரையில் எக்ஸ்ரே ஓடியது. கறுப்பாக ஒன்று இறங்கி, போகக் கூடாத பக்கம் திரும்பியது. மூச்சுக்குழாய். யாமினி இருமக்கூட இல்லை. அதுதான் ரொம்ப ஆபத்தாம்.

"சாரி அங்கிள். இப்போதைக்கு வாய் வழியா எதுவும் வேணாம்."

அடுத்தது வயிற்றில் நேராகக் குழாய் வைப்பது என்றார் டாக்டர். நிரந்தரமா என்று கேட்டேன். அவர் யாமினியைப் பார்த்தார். அவள் எல்லாம் புரிந்து தலையாட்டினாள்.

டாக்ஸியில் வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

19 ஏப்ரல், வெள்ளி

குளிக்கல. எதுக்குக் குளிக்கணும்? யாருக்காக? ஒரு வாய் பொங்கல். ஒரே ஒரு வாய். அத அவ சாப்பிட்ட பிறகு பாடியிருந்தா என்னடா குறைஞ்சிருக்கும் உனக்கு?

2 மே, வியாழன்

வயிற்றில் குழாய் வைத்தார்கள். மூக்கு விடுதலையானது. முகம் பழையபடி தெரிகிறது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் துணிவில்லை.

12 மே, ஞாயிறு

காலைப் பால் முடிந்தது. பலகையை எடுத்து எழுதினாள்: "ஆகிரி."

"வேணாம் யாமினி."

துடைத்துவிட்டு எழுதினாள்: "ரிப்பீட்."

எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது. "உன்ன இப்படி ஆக்குனதே நான்தாம்மா! இன்னொரு தடவை பாடி என்னத்தக் காட்டணும்?" என்று கத்தினேன். கத்திவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் பலகையை மேசையில் இரண்டு தடவை தட்டினாள். வகுப்பு சத்தம் போட்டால் அப்படித்தான் தட்டுவாளாம். பிறகு ரொம்ப நேரம் எழுதினாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு மாசமா பிரஷர் மாத்திரை நான் போடல. தலை சுத்துதுன்னு விட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லல."

இரண்டு மாதமாக அவளும் இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை உதறி, மறுபடியும் எழுதினாள்: "எனக்கு இனிப் போக என்ன இருக்கு? பாடுங்க."

பாடினேன். தொண்டை துருப்பிடித்திருந்தது. ஆகிரியில் நேராக ஏற முடியாது. ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குப் போய், மறுபடி ஸட்ஜத்துக்கே இறங்கி, அங்கிருந்துதான் காந்தாரத்துக்கு எட்ட வேண்டும். அந்தத் தாவலில் குரல் இரண்டு தடவை உடைந்தது. அவள் கண்ணை மூடவே இல்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டுப் பாடினேன்.

முடித்ததும் சமையலறையைக் காட்டினாள். "சாப்பிடுங்க. இங்கயே. ஒளிஞ்சு சாப்பிட வேணாம், வாசனை தெரியுது."

சோறு வைத்து, ரசம் கொதிக்கவிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் கவளம் தொண்டையில் இறங்க மறுத்தது. அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது.

19 மே, ஞாயிறு

ஆகிரி, எட்டாவது நாள். குரல் இன்னும் தேறவில்லை. ஷபானா சொன்ன நாக்குப் பயிற்சியில் முன்னேற்றம் ஒன்றும் இல்லை.

பதினொரு மணிக்கு மேசையில் உட்கார்ந்தோம். அவளுக்குக் குழாயில் பால், எனக்குப் பொங்கல். அந்தக் காலைக்குப் பிறகு இன்றுதான் இந்த வீட்டில் பொங்கல். உப்பு அதிகம் என்றேன். அவள் பலகையின் ஓரத்தில், பாடும் நாளுக்கு ஒன்றாகப் போட்டுவரும் கோடுகளில் எட்டாவதைப் போட்டுவிட்டு, பக்கத்தில் "உப்பு" என்று எழுதிக்கொண்டாள்.