இடது கைக்கு ஜிப் வைத்த கார்டிகன்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

அன்புள்ள கிளாரிசா அக்காவுக்கு,

"நாங்கள் எல்லோரும் நலம்" என்று தொடங்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். எல்லோரும் நலம் என்றால் இந்தக் கடிதமே தேவையில்லை. அம்மா நலம், நான் நலம். அப்பா உயிரோடும் வழக்கமான கோபத்தோடும் இருக்கிறார். பதற்றத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் வரிசையாகப் படி.

பார்சலில் இருக்கும் பச்சைக் கார்டிகனில் எந்தக் கடை லேபலும் இருக்காது. தேடாதே. நான் தைத்தது. ஆமாம், ஈப்போவில் இரும்புத் தகடு வெட்டுகிற உன் தம்பிதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. உன்னுடையது நான் தைத்த மூன்றாவது. முதல் இரண்டின் கதையைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போன மாதம் நீ போனில் அழுதாய். அப்பா டயாலிசிஸில் பாதியில் எழுந்து வந்துவிடுகிறார் என்று அம்மா சொல்லிவிட்டார். மெல்பர்ன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். வேண்டாம் என்றேன். உனக்குக் கோபம். அக்கா, நீ வந்திருந்தால் அப்பாவுக்குப் புத்தி சொல்ல இன்னொரு ஆள் கூடியிருக்கும், அவ்வளவுதான். நான்கு மணி நேரம் உட்கார வேண்டியவர் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஊசியை எடுக்கச் சொல்கிறார், இப்படியே போனால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். ஃபாதர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். அம்மா அழுதார். அப்பா எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னார்: "போதும்லா. அடுத்த மாசத்துலேருந்து நான் போகவே போறதில்ல. ஆண்டவர் கூப்பிடறப்ப போய்க்கிறேன்."

பட்டறையில் ஒரு மெஷின் நின்றால் நாங்கள் அதற்குப் புத்தி சொல்வதில்லை. எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். அதனால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் அப்படி என்னதான் பிரச்சினை என்றேன். "குளிருதுடா" என்றார். இதை யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

குளிர் உண்மைதான். இரத்தம் உடம்பைவிட்டு வெளியே போய், குழாயில் சுற்றி, சுத்தமாகித் திரும்பும்போது சூடு குறைந்து வருகிறது. தலைக்கு மேலே ஏர்கோன் காற்று. போர்வை கொடுக்கிறார்கள், ஆனால் ஊசி குத்தியிருக்கும் இடது கையை மூடக்கூடாது. ஊசி நழுவினால் போர்வைக்கு அடியில் இரத்தம் ஒழுகுவது யாருக்கும் தெரியாது. அதனால் அந்தக் கை மட்டும் தோளிலிருந்து வெறுமனே கிடக்கும். நீ அனுப்பிய கம்பளி ஸ்வெட்டர் தலை வழியாகப் போடுவது. கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் ஊசி இடத்தை இறுக்கும். அப்பா அதைப் போடாததற்கு இதுதான் காரணம். உன்மேல் வருத்தம் என்று நீயாகக் கற்பனை செய்துகொள்ளாதே.

ஆக, முன்பக்கம் முழுவதும் திறக்க வேண்டும். இடது கை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஜிப்பால் திறந்து மூட வேண்டும். ஊசி குத்துகிற இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடிக்கொள்ளலாம். கடைகளில் தேடினேன், இல்லை. சரி, நானே செய்கிறேன் என்று ஈப்போவில் தடிமனான நிட் துணி வாங்கினேன். டி-சட்டைத் துணி மாதிரிப் பின்னியதுதான், அதைவிடக் கனம். பச்சை, ஏனென்றால் மற்ற எல்லா நிறமும் பொம்பளை நிறம் என்பது அப்பாவின் தீர்ப்பு.

அம்மாவின் தையல் மெஷின் திரைச்சீலைக்கு மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு முன்னால் உறையைக் கழற்றுவார், முடிந்ததும் மூடிவிடுவார். நான் கேட்டதும், "மெஷினு கெட்டுச்சுன்னா, கிறிஸ்மஸுக்கு ஒன் கைலியத்தான் ஜன்னல்ல தொங்க விடுவேன்" என்றார். கெடவில்லை. முதல் நாளே அதைப் பிரித்து எண்ணெய் போட்டேன். இப்போது பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடுகிறது. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்பாவின் பழைய சட்டையைத் தாளில் வைத்து அளவு எடுத்தேன். முதல் தையலை இழுத்துப் பார்த்தேன், படபடவென்று அறுந்தது. துணி இழுபடுகிறது, நேர்த்தையல் இழுபடாது. வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலுக்கு மாற்றினேன். கூரான ஊசி பின்னலை அறுத்து ஓட்டை போட்டது, முனை மழுங்கிய ஊசி வாங்கினேன். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய தப்பை நான் ரொம்பப் பெருமையாகச் செய்தேன்.

பட்டறையில் தகட்டை வெட்டும் முன் துண்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்குவது என் வேலை. எவ்வளவு நெருக்கி அடுக்குகிறேனோ அவ்வளவு தகடு மிச்சம். அதில் என்னை அடிக்க அங்கே ஆள் கிடையாது. துணியிலும் அதையே செய்தேன். கை இரண்டையும் படுக்க வைத்து, முதுகுத் துண்டுக்குப் பக்கத்தில் செருகி வெட்டினேன். மிச்சத் துணியை அம்மாவிடம் காட்டி, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

சனிக்கிழமைகளில் அப்பாவை நான்தான் காரில் கூட்டிப் போகிறேன், செவ்வாயும் வியாழனும் அம்மா. அந்தச் சனிக்கிழமை அப்பா அதைப் போட்டுக்கொண்டு வந்தார். வலது கை விரலைத் தாண்டித் தொங்கியது. இடது கை மேலே இறுக்கமாக இருந்தது. போகப் போக இளகிவிடும் என்று நான்தான் சொன்னேன். அங்கே தர்ஷனா என்று ஒரு நர்ஸ், வாய் கொஞ்சம் அதிகம். ஜிப்புக்கு மேலே விரலை நுழைத்துப் பார்த்தாள், விரல் போகவில்லை. "அங்கிள், இது பாஜு செஜோக் இல்ல, குளிருக்குப் போடுற சட்டையே இல்ல, கட்டு. இதப் போட்டா கையில ரத்தம் அடைச்சுக்கும். கழட்டுங்க" என்றாள். அப்பா விடவில்லை. "ஏய் பொண்ணு, என் மவன் இஞ்சினியர் லா. கணக்குப் போட்டுத் தச்சிருக்கான். நீ மெஷின கவனி" என்று அந்த ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டார்.

நான் இஞ்சினியர் இல்லை, டெக்னிஷன். அதைத் திருத்த அது நேரமில்லை. அப்பா வெளி ஆளிடம் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லி நான் என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் நர்ஸ் சொன்னது முழுக்கச் சரியாக இருக்கும்போது. எனக்கு எவ்வளவு கடுப்பு என்று நினைத்துப் பார். கார்டிகனை நானே கழற்றினேன். அன்றும் அவர் முன்னதாகவே இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் துணியில் நெடுக்காக ஒரு துண்டு, குறுக்காக ஒரு துண்டு வெட்டி, இரண்டிலும் கிளிப் மாட்டி, ஒரே எடை நட்டு டப்பாக்களைத் தொங்கவிட்டேன். குறுக்குத் துண்டு ரப்பர் மாதிரி இறங்கியது. நெடுக்குத் துண்டு அசையவே இல்லை. விஷயம் அவ்வளவுதான். இந்தத் துணி ஒரு பக்கமாகத்தான் இழுபடும், அந்தப் பக்கம் கையைச் சுற்றி வர வேண்டும். நான் படுக்கப் போட்டு வெட்டியதால் அது நீளத்தில் இழுபட்டது, சுற்றளவில் இறுக்கியது. எங்கள் தகட்டைத் திருப்பி வைத்தால் ஒன்றும் ஆகாது. துணி அப்படி இல்லை.

மறுபடி துணி வாங்கினேன். இந்த முறை ஒரு துண்டையும் திருப்பவில்லை. இடது கையை நர்ஸின் இரண்டு விரல் போகிற அளவுக்கு அகலமாக வைத்தேன். ஜிப் தைத்த இடம் அலை அலையாக நெளிந்தது. பிரித்துவிட்டு, துணிக்குப் பின்னால் இழுபடாத நாடா ஒட்டித் தேய்த்துத் தைத்ததும் ரயில் தண்டவாளம் மாதிரி நேராக நின்றது. கழுத்துப் பட்டையைக் கழுத்தைவிடச் சின்னதாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைத்தால் அதுவாகவே படிந்துவிடும். அப்பாவின் விரல் வீங்கியிருப்பதால் முன்னால் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பட்டன். அக்கா, நான் பணிவாகச் சொல்லப்போவதில்லை. அருமையாக வந்திருக்கிறது. உள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு நூல் தொங்காது. உன்னுடையதைத் திருப்பிப் பார்.

அடுத்த சனிக்கிழமை தர்ஷனா விரல் விட்டுப் பார்த்தாள், போனது. ஊசி குத்தினாள், ஜிப்பை மேலேயும் கீழேயும் மூடினாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதே சர்டிபிகேட்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அப்பா கதகதப்பாகத் தூங்கினார். பிறகு விழித்தார். பக்கத்தில் பார்த்தார். கையைத் தூக்கி நர்ஸைக் கூப்பிட்டு ஊசியை எடுக்கச் சொன்னார். வழக்கம் போல ஒரு மணி நேரம் முன்னதாகவே.

காரில் நான் கத்தினேன். இன்னும் குளிருதா, எங்கே குளிருது, சொல்லுங்கள், அங்கே இன்னொரு பட்டை வைக்கிறேன் என்றேன். சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். அப்புறம், "சட்டை நல்லாத்தான்டா இருக்கு. பக்கத்து நாக்காலியப் பாத்தியா?" என்றார். பார்த்தேன், காலி. அது பத்துமலை அங்கிளின் நாற்காலி. அப்பாவோடு லாரி ஓட்டியவர், உனக்குத் தெரியும். அவருடைய அடக்கத்துக்கு அப்பாவை நான்தான் கூட்டிப் போனேன். அவர் போனதையும் அப்பா முன்னதாக எழுந்து வருவதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முதலில் இரண்டு பேரும் தூங்குவார்களாம். கடைசி ஒரு மணி நேரம் பத்துமலை அங்கிள்தான் பேசுவாராம். எந்த வளைவில் யார் லாரியைக் கவிழ்த்தான், எந்தக் கோப்பிக் கடையில் யார் கடன் சொல்லிவிட்டு ஓடினான் என்று. "கடேசி ஒரு மணி நேரத்த அவன்தான் ஓட்டுவான். இப்ப அது ஓட மாட்டேங்குது" என்றார். அப்படியானால் குளிர் என்று சொன்னது பொய்யா என்றேன். "பொய் இல்லடா. ரெண்டும் சேந்து குளிருச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து காரைக் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அம்மா சொன்னார். அந்த நாற்காலிக்கு மகேந்திரன் என்று ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர், வயது நாற்பதுதான், முகம் செத்துப்போய் இருந்ததாம். குளிரில் நடுங்கிக்கொண்டே அப்பாவின் கையைப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அப்பா ஆரம்பித்துவிட்டார். "இது வாங்கறது இல்ல தம்பி. துணி குறுக்கால இழுபடணும், நெடுக்கால இழுபடக்கூடாது. இது தெரியாம சில பேரு தச்சுக் கெடுத்துருவான்." அந்தச் சில பேர் நான்தான். "ஒனக்கு வலது கை, அப்ப ஜிப்ப அந்தப் பக்கம் வெக்கணும். மவன்கிட்ட சொல்றேன், அவன் இஞ்சினியர்." நேரம் முடிந்துவிட்டது என்று தர்ஷனா வந்து நின்றபோது, "இரு லா, பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்றாராம். அம்மா இதைச் சொல்லும்போது அழுதார். அழுதால் நான் திட்டுவேன், இந்த முறை திட்டவில்லை.

வியாழனும் முழு நேரம். நேற்றுச் சனிக்கிழமை நானே கண்ணாடி வழியாகப் பார்த்தேன், முழு நேரம். அடுத்த மாதம் போக மாட்டேன் என்ற பேச்சு நின்றுவிட்டது. போக மாட்டேன் என்றால் ஆர்டர் எப்படி எடுப்பது? என்னைக் கேட்காமலேயே மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா நாடா ஒட்டித் தேய்த்துக் கொடுக்கிறார், மெஷினைத் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது உன் விஷயம். வேலையை விடாதே. அதில் நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் மகேந்திரனைப் பதினைந்தாம் தேதியிலிருந்து காலை நேரத்துக்கு மாற்றுகிறார்கள். கடை திறக்க வசதி என்று அவரே கேட்டு வாங்கியது. அந்த நாற்காலி மறுபடி காலியாகும். குளிருக்கு நான் வழி செய்துவிட்டேன். இதற்கு எனக்குத் தைக்கத் தெரியாது.

செவ்வாய், வியாழன், சனி. இங்கே மூன்று மணி என்றால் உனக்கு ஐந்து, நீ டிராமில் வீட்டுக்குத் திரும்புகிற நேரம். என் நம்பருக்கு அடிக்காதே, அப்பா நம்பருக்கு அடி. வலது கை சும்மாதான் இருக்கும், எடுப்பார். உடம்பு எப்படி என்று கேட்காதே. அழாதே. ஜெபம் சொல்லாதே, அதற்கு இங்கே ஆள் இருக்கிறது. உன் கார்டிகனில் ஏன் ஜிப் இல்லை என்று கேள். அப்புறம் நீ பேசவே வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் அவருடைய டயாலிசிஸ் மெஷின் பீப் பீப் என்று கத்தும், போனிலேயே கேட்கும். அதுவரைக்கும் மட்டும் வைத்துவிடாதே, அக்கா.

உன் தம்பி,
ராட்னி