நடைத் தேர்வுக்கு நான் கொடுத்த டியூஷன்

என் ராசாத்தி செல்விக்கு,

தேக்கா சந்தையில் பூ வாங்கி உன் படத்துக்குப் போட்டுவிட்டு எழுதுகிறேன். சிரிக்கத் தயாராக இரு. உன் வீட்டுக்காரன் மறுபடியும் மானத்தை வாங்கிவிட்டான்.

உன்னைக் கொண்டுபோன நரம்பு நோய்தான் நம் யாழினிக்கும். உலகத்திலேயே கொஞ்சம் பேருக்குத்தான் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் அவளை நடக்கவிட்டு நேரம் குறிப்பார்கள். இந்த நோய் உள்ள எல்லார் நடையையும் சேர்த்துப் பார்த்து, நோய் இனி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணிப்பார்கள்.

இதற்கிடையில் அவளுக்குப் பாலர் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. "பிள்ளைங்க பின்னாடி ஓடணும்பா. கால் எத்தனை வருஷம் தாங்கும்னு தெரியாம எப்படிச் சேர்றது?" என்று அந்தக் கணிப்புக்காகக் காத்திருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? தேர்வு என்றால் தயார்செய்ய வேண்டாமா? ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்பே செங்காங்கில் நம் வீட்டு வாசலில் கடிகாரத்தோடு நின்று நடைப் பயிற்சி. முந்தைய நாள் முழு ஓய்வு. அன்று காலை இரண்டு முட்டை.

மருத்துவமனையில் கணிப்பு வேலை பார்க்கும் நூர்ஜஹான் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினாள்.

"அங்கிள், டெஸ்ட் அன்னைக்கு மட்டும் யாழினி நடை ஜோரா இருக்கு. நடையை அளக்க நாங்க அவ கால்ல கட்டிவிட்ட கருவி வீட்டுல வேற மாதிரி சொல்லுது. என்ன பண்றீங்க?"

"அப்பா டியூஷன் குடுக்கறாரு லா, அக்கா!" யாழினி போட்டுக்கொடுத்துவிட்டாள்.

நூர்ஜஹான் சிரித்து ஓய்ந்தாள். "இருக்கிறதே கொஞ்ச பேர், அங்கிள். ஒருத்தர் நடை பொய்யானா எல்லாருக்கும் கணிப்பு கோணிப்போகும்."

கணக்கில் இருமுறை பெயிலான எனக்கே அது புரிந்தது. முகம் தெரியாத அந்த மற்றப் பிள்ளைகளை நினைத்ததும் காது சுட்டது.

டியூஷன் தேர்வுகளைத் தள்ளிவிட்டு, கருவி சொன்னதை வைத்துப் புதிதாகக் கணித்தார்கள். போன வாரம் நூர்ஜஹான் அதைத் திரையில் காட்டினாள். உன் நடையைக் காட்டும் கோடும் அங்கே இருந்தது, செல்வி. தடுமாறித் தடுமாறி நீ நடந்ததெல்லாம் இன்னும் நம் பிள்ளைக்கு வழி சொல்கிறது. தெரியுமா உனக்கு?

உன் கோடு செங்குத்தாக இறங்கியது. அவளுடையது மெல்லத்தான் சாய்கிறது. சுற்றிலும் அகலமாக ஒரு நிழல். உண்மை அதற்குள் எங்கோ இருக்குமாம்.

"அந்த நிழலோட மோசமான ஓரத்தைப் பிடிச்சாலும் பல வருஷம் ஓடலாம், யாழினி," என்றாள் நூர்ஜஹான்.

திங்கள்கிழமை யாழினி வேலைக்குப் போனாள். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒரு வாண்டு தப்பிச்சு ஓடிச்சுப்பா. பிடிச்சுட்டேன்!"

இனி அவள் எப்படி நடக்கிறாளோ அப்படியே நடக்கட்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன். உன்மேல் சத்தியம்.

யாழினியின் அப்பா,
உன் வீட்டுக்காரன் முருகேசன்