வாய் நிறையத் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

தரையில் விரிக்கிற கயிற்று ஏணியில் கால்மாற்றி ஆறு சுற்று. ரப்பர் பட்டையை இடுப்பில் கட்டிப் பக்கவாட்டு ஓட்டம் எட்டு. ஸ்பைடர் நான்கு. டென்னிஸ் கோர்ட்டில் ஐந்து இடங்களில் கிடக்கும் பந்துகளை ஒவ்வொன்றாக ஓடிப் பொறுக்கி நடுவில் கொண்டுவந்து வைக்கிற அந்தக் கொடுமை. கடைசி ஓட்டம் 17.4 நொடி. போன மாதம் 18.6. தங்கச்சி குப்புற விழுந்து கிடந்தபடி, "அக்கா, நீ மனுஷியே இல்ல" என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். இருபத்திரண்டு வயதாகியும் பெயர் போகவில்லை, குணமும் போகவில்லை. 29ஆம் தேதி தேர்வு ஆட்டம். அணியில் மூன்று இடம் நிரம்பிவிட்டது. நான்காவது இடத்துக்கு இவளும் அந்த இடதுகைக்காரியும். ஜெயிப்பவள் அணியின் பயிற்சி முகாமுக்குப் போவாள். தோற்றால் ஆட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்துவிடுவாள், அதுதான் பயம்.

முட்டி கிழிந்து என் ஆட்டம் நின்றதும் இருபத்திரண்டில்தான். இதை ஏன் இங்கே எழுதுகிறேன்?

மார்ச் 5, புதன்

ஹப். ஹப். ஹப். தொண்டை கட்டிவிட்டது.

எதிராளி பந்தை அடிக்கிற அந்த நொடியில் இவள் கால் இரண்டும் லேசாக எழும்பி இறங்க வேண்டும். அந்தச் சின்னக் குதி இல்லையென்றால் எந்தப் பக்கமும் பாய முடியாது, நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்க வேண்டியதுதான். மூன்று வருடமாக அவள் பின்னால் நின்று ஒவ்வொரு பந்துக்கும் ஹப் சொல்கிறேன். இப்போது ஒன்றுகூடத் தப்புவதில்லை. வீட்டுக்காரர், "தூக்கத்துலயும் ஹப்புங்குற, நான் எந்திரிச்சு உக்காந்துடுறேன்" என்கிறார். சிரித்தேன்.

மார்ச் 8, சனி

அவமானம்.

லீக் ஆட்டம். முதல் செட் 6-2, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. இரண்டாவது செட் தொடங்கியதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைக் கைகாட்டினார். "வேலிக்குப் பின்னாடி நிக்கிற அம்மா, வெளியிலேர்ந்து சொல்லிக் குடுக்கக் கூடாது. இன்னொரு தடவை கேட்டா வெளிய அனுப்பிடுவேன்."

"நான் வாயே திறக்கலையே!" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாலு 1-6, 1-6. கால் வரவே இல்லை. பந்து போன பிறகு கிளம்புகிறாள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் வேலிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். எதைத் தேடினாள்?

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரர் நேற்று போனில் எடுத்த வீடியோவைப் போட்டார். அவருக்கு டென்னிஸில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதே சந்தேகம். பார்த்துவிட்டு, "இதுல நீதான ஆடுற" என்றார்.

மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். எதிராளியின் மட்டையில் பந்து படுகிறது. அப்புறம் என் ஹப். அதற்கும் அப்புறம் வாலுவின் கால். நாற்பது தடவை பார்த்தேன், நாற்பது தடவையும் இதே வரிசை. அவள் மட்டையைப் பார்க்கவே இல்லை, என் வாய்க்காகக் காத்திருக்கிறாள். நான் இருந்தாலே ஒரு இமைப்பொழுது தாமதம். நான் இல்லாவிட்டால் கால் கிளம்புவதே இல்லை.

மூன்று வருடம். கடவுளே, மூன்று வருஷமா நான் என்னத்த சொல்லிக் குடுத்தேன்?

மெதுவாக அடிக்கிறவர்களிடம் இது ஓடிவிடும். இடதுகைக்காரி மெதுவாக அடிக்கிறவள் இல்லை. இருபது நாள்தான் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லவில்லை. சொன்னால் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தன் காலையே நினைத்துக்கொண்டிருப்பாள். முதலில் என் வாயை அடைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் நின்று நானே பந்து அடித்தேன். சும்மா இருக்க முடியவில்லை, மூன்றாவது பந்திலேயே ஹப் வந்துவிட்டது. குடிக்கிற பாட்டிலை எடுத்து வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் தொண்டை தானாக எழும்புகிறது. பதினோரு தடவை விழுங்கினேன், இரண்டு தடவை புரையேறியது. கன்னம் உப்பிக்கொண்டு நின்ற என்னை வாலு ஒரு மாதிரி பார்த்தாள். பல்வலி என்று சைகை செய்தேன்.

மார்ச் 12, புதன்

விழுங்கியது நாலு தடவை. அவள் கால் இன்னும் மோசம்.

மார்ச் 14, வெள்ளி

இப்போது பந்தை அடிப்பதுபோல் மட்டையை வீசி, தொடாமல் நிறுத்துகிறேன். பார்க்கிறவளாக இருந்தால் எழும்ப மாட்டாள். வாலு குதித்துவிடுகிறாள், இல்லையென்றால் கம்பம் மாதிரி நின்றுவிடுகிறாள். குத்துமதிப்பாக ஆடுகிறாள்.

"பல்வலின்னா டாக்டர்கிட்ட போ. இல்ல, என் மேல கோவம்னா திட்டிடு. அந்த லீக் ஆட்டத்துலேர்ந்து நீ எங்கிட்ட பேசவே மாட்டேங்குற."

தலையை ஆட்டினேன். வாயில் தண்ணீர். விழுங்கிவிட்டு அவளிடம் போய் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அடுத்த பந்தை எடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்பைடர் 18.9. பின்னால் போகிறோம். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் ஊமைப்படம்.

மார்ச் 20, வியாழன்

வெடித்துவிட்டது.

வீசி நிறுத்தினேன், அவள் குதித்தாள். மறுபடி, மறுபடியும். நான்காவது தடவை மட்டையை வேலியில் எறிந்தாள். "நான் தேறமாட்டேன்னு முடிவு பண்ணிட்ட, அதான? அதை வாயத் தொறந்து சொல்லேன்! உன் முட்டி போச்சுன்னு என் காலை வச்சு ஆடிட்டிருந்த. இப்ப அதுவும் ஓடலைன்னதும் கைகழுவுற."

துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் தண்ணீரைத் தரையிலேயே துப்பினேன். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அவ சொன்னது பொய்யில்லையே.

கோர்ட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ, ஹப், பல்வலிப் பொய். அவள் போனை வாங்கி, நெடுநேரம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பத்து நாளா வாயில தண்ணிய வச்சுக்கிட்டா நின்ன?" என்றாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். ஆனால் எழுந்து போகும்போது திரும்பிச் சொன்னாள்: "மொதல்லயே சொல்லியிருக்கணும்க்கா. என் கால்தானே."

என் கால்தானே. இது உறைக்கிறது.

மார்ச் 22, சனி

இன்று பயிற்சியை அவளே வகுத்தாள். ஏணி பாதியாகக் குறைந்தது. ஏணியைக் குனிந்து பார்த்தே பழகிவிட்டாளாம், எதிரில் இருப்பவளைப் பார்க்கப் பழகவில்லையாம். ஓடாமல் நின்ற இடத்திலேயே, நான் அடிக்க அடிக்க வெறும் குதி மட்டும், இருநூறு பந்து. மட்டையைக்கூடத் தொடவில்லை. நானாக இருந்தால் இப்படி ஒரு பயிற்சியை வெட்டிவேலை என்றிருப்பேன். வாயில் தண்ணீர் இருந்தது, நல்லவேளை.

மார்ச் 25, செவ்வாய்

இருபது தடவை வீசி நிறுத்தினேன். மூன்றில்தான் ஏமாந்தாள். நான் ஒரு தடவைகூட விழுங்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நாளை.

பையில் துணி அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா, நாளைக்கு நீ வராத. நீ இருந்தா நான் திரும்பிப் பாப்பேன்."

"சரி" என்றேன். உடனே சொல்லிவிட்டேன், யோசித்தால் சொல்லியிருக்க மாட்டேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூணு வருஷம் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சவ நான். என்னை வராதன்னுட்டா. சரியாத்தான் சொல்றா. வலிக்குது.

மார்ச் 29, சனி

போகவில்லை. அதாவது, உள்ளே போகவில்லை.

கோர்ட்டுக்குப் பின்புறச் சந்தில், மதில் ஓரம் வண்டியை நிறுத்தினேன். ஆளுயரத்துக்கு மேல் மதில், ஒன்றும் தெரியாது. நடுவர் ஸ்கோர் சொல்வது கேட்கும். வாலு மதில் பக்கம் ஆடும்போது காலணிச் சத்தமும் கேட்கும். அவள் எந்தப் பக்கம் என்பது எளிது, தப்பு செய்தால் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். பாட்டிலைத் திறந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன்.

முதல் செட்டில் இரண்டு சத்தம். தூரத்தில் டொக் என்று இடதுகைக்காரியின் அடி, அப்புறம் இவள் காலணி சரக். நடுவில் ஒரு இடைவெளி. எனக்குத் தெரிந்த இடைவெளி, நான் வளர்த்தது. 3-6.

காவலாளி வந்து, "யாரும்மா, என்ன வேணும்?" என்றார். கன்னத்தை உப்பிக்கொண்டு கையை ஆட்டினேன். பாவம், பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

இரண்டாவது செட்டில் ஐந்தாவது கேமா ஆறாவதா தெரியவில்லை. டொக்கும் சரக்கும் கிட்டக் கிட்ட வந்தன. அப்புறம் ஒன்றாயின. ஒரே சத்தம். மறுபடி ஒரே சத்தம். நான் மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டேன். 6-4.

மூன்றாவது செட்டை எழுத முடியவில்லை. 5-5 வரை வந்தது. வாலு பக்கம் மாறி அந்தப் பக்கம் போய்விட்டால் எனக்கு ஒன்றும் கேட்காது, அப்போதெல்லாம் காவலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி பாயிண்ட் மதில் பக்கம். நீளமான பாயிண்ட். ஒவ்வொரு அடிக்கும் ஒரே சத்தம், ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குள் ஒரு ஹப்கூட எழும்பவில்லை, அதை அப்புறம்தான் கவனித்தேன். நடுவர் 7-5 என்றதும் தண்ணீரை மொத்தமாக விழுங்கினேன். காவலாளி, "என்ன விரதம்மா இது?" என்றார்.

அவள் போன் செய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். "அக்கா, ஜெயிச்சுட்டேன்!" "அப்படியா!" என்றேன். எனக்கு நடிக்க வராது. அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

முகாம் இரண்டு மாதம், ஐந்தாம் தேதி கிளம்புகிறாள். அங்கே வேறு பயிற்சியாளர். நல்லவராக இருக்கட்டும். வாயாடியாக இல்லாமல் இருக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

பழக்கத்தில் ஐந்தேகாலுக்கே விழிப்பு வந்தது. இறங்கி வந்து கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஆணியில் ஏணி இல்லை. செருப்பலமாரியில் அவள் காலணியும் இல்லை. என்னை எழுப்பவில்லை.

வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்ப மாட்டிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. ஆறேகாலுக்கு அவள் வாசல் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து பாலை அடுப்பில் வைத்தேன். எவ்வளவு நொடி என்று நான் கேட்கவில்லை.