நீ இல்லாத வாய்தாவில் நீ ஆஜர்

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு கோர்ட்டுப் படியேறி ஓடிவரும் என் நைனாவுக்கு,

உன் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கோர்ட்டு மெசேஜ் இன்னும் அதற்குத்தான் வருகிறது. உன் வழக்கு இந்தத் தேதிக்கு இருக்கிறது என்று உன்னிடமே சொல்கிறது. நீ இல்லை என்று அதற்கு யார் சொல்வது?

நீ இருக்கும்போதே மாற ஆரம்பித்த செஞ்சிக் கோர்ட்டு இப்போது முழுசாக மாறிவிட்டது. வக்கீல் மனுவைக் கம்ப்யூட்டரில்தான் போடுகிறார். பெரியப்பா மேல் நீ போட்ட கிணற்று வழக்கின் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியாகிவிட்டது. எந்த வழக்கு நடக்கிறது என்பது கதவுக்கு வெளியே டிவி மாதிரி ஒன்றில் ஓடுகிறது. பெயர் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. டவாலி இன்னும் வாசலில் வந்து நின்று மூன்று தடவை கூப்பிடுகிறார்.

உன் காரியம் முடிந்த வாரமே வாய்தா வந்தது. வக்கீல் விழுப்புரம் போயிருந்தார். நீ போய்விட்டதைச் சொல்லத்தான் அம்மாவும் நானும் போனோம். கூட்டத்தில் நிற்கும்போது, "ஏழுமலை! ஏழுமலை! ஏழுமலை!" என்று கூப்பிட்டார்கள்.

"இருக்காருங்க! தோ வந்துட்டாருங்க!" என்று அம்மா குரல் கொடுத்துவிட்டாள்.

வருஷக்கணக்காக அவள் அப்படித்தானே சொல்லியிருக்கிறாள்? நீ எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பாய். ஆள் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் அவள் முந்திக்கொள்வாள். நீ பின்னாலேயே ஓடிவருவாய். அன்றைக்கும் சொல்லிவிட்டுப் படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நைனா. அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவேன்?

நாங்கள் உள்ளே நுழைவதற்குள் கிளார்க் கம்ப்யூட்டரில் தட்டி முடித்துவிட்டார், அடுத்த வழக்கையும் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். இங்கிலீஷில் இருந்தது. ஒன்பதாவதோடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். வாதி ஆஜர் என்று போட்டிருந்தது.

உனக்குப் பதிலாக எங்களை வழக்கில் சேர்க்கச் சொல்லி வக்கீல் போட்ட மனு திரும்பி வந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இப்டி பண்ணி வச்சிருக்கீங்க? இறப்புச் சான்றுல ஒரு தேதி இருக்குது. அதுக்கப்புறம் அவுரு கோர்ட்டுக்கு வந்துட்டுப் போனாருன்னு கம்ப்யூட்டர்ல இருக்குது!"

"அடிச்சிட்டு எழுதக்கூடாதாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நோட்டுல இருந்தா அன்னைக்கே பேனாவால அடிச்சிருப்பாங்க. இப்ப கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி. ஜட்ஜம்மா சொன்னாதான் மாறும். கெடுவுக்குள்ள உங்க பேரு சேரலன்னா கேஸ் தானா முடிஞ்சிபூடும்."

வழக்கு முடிந்தால் கிணறும் போயிற்று. பெரியப்பா நம் முறைத் தண்ணீரை நிறுத்தியதிலிருந்து கழனி உனக்குத் தெரிந்த கழனியாக இல்லை. மல்லாட்டைச் செடி இந்தத் தடவையும் பூ வைக்கும்போதே கருகிவிட்டது.

அடுத்த வாய்தாவுக்குப் போனபோது கோர்ட்டு வாசலில் பெரியப்பா சும்மா இருப்பாரா? எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னாடி, உங்க நைனா வாய்தாவுக்கு வந்துட்டுப் போறானாமே? அப்டியே நம்ம ஊட்டாண்ட வரச்சொல்லு. அண்ணந்தம்பி நாங்களே பேசிக்கிறோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். செத்தது உங்க கூடப்பிறந்த தம்பி இல்லையா என்று அவரைக் கேட்டிருக்கலாம்.

உள்ளே ஜட்ஜம்மா கேட்டார். "அன்னைக்கு அவர் வந்திருக்கார்னு சொன்னது யார்?"

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வக்கீல் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவே இல்லை. மறந்து சொன்னது என்று சொன்னால், அடுத்து எதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நீ போனதிலிருந்து அந்த வார்த்தையை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பால்காரரிடம்கூட, "அவுரு இல்லீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

கடைக்காரரிடம் சாமான் கேட்கவே கூச்சப்படுகிற நான் பேசினேன், நைனா.

"எங்கம்மா பொய் சொல்லலைங்க. நைனா டீக்கடையில இருப்பாரு. எப்பவும் அம்மாதான் குரல் குடுக்கும். அன்னைக்கும் பழக்கத்துல சொல்லிடுச்சிங்க. எங்க நைனா செத்துட்டாருங்க."

ஜட்ஜம்மா இறப்புச் சான்றை வாங்கிப் பார்த்தார். பிறகு கிளார்க்கிடம் திருத்தச் சொன்னார். மனுவையும் ஏற்றுக்கொண்டார். கிளார்க் தட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். சாயங்காலம் போனில் உன் பெயருக்குப் பக்கத்தில் நீ இறந்தது வந்துவிட்டது. வழக்குக்கு அதுதான் நல்லது என்று வக்கீல் சொன்னார். எனக்கு உன்னை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மலை தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"அந்த ஒரு எடத்துலயாவது வந்துட்டாருன்னு இருந்துச்சி. நீ எப்டிடி அத வாய் விட்டுச் சொன்ன?"

இன்னும் அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் செய்தது தப்பா நைனா? நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

இனி வழக்கு அம்மா பெயரில் நடக்கும். நான் மைனர் என்பதால் எனக்கும் சேர்த்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். நீ கடைசிவரை அவளை "இந்தாம்மே" என்றுதான் கூப்பிட்டாய். அஞ்சலை என்று மூன்று தடவை சத்தமாகக் கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்குமா?

அவள் பக்கத்திலேயே நிற்பேன், நைனா. அவளுக்காக நான் குரல் கொடுக்க மாட்டேன். வந்திருக்கிறேன் என்று அவளே சொல்கிறவரை கையை மட்டும் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
ஏழுமலை, அஞ்சலை பெற்ற ஒரே பெண்