என் பங்கு கமலாவுக்கு

25 செப்டம்பர் 2025, வியாழன்

தசராவுக்குத் தறியை நிறுத்திவிட்டு, நகரியிலிருந்து நானும் பெண்டாட்டி கமலாவும் மகள் யாமினி வீட்டுக்கு வந்துவிட்டோம். வாகாடு தாண்டி, கடலோரத்தில் சின்ன ஊர். மாப்பிள்ளை ஹேமநாத்துக்கு இங்கே இறால் பண்ணையில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறியது உப்புக்காற்று இல்லை, நெய். எதிரிலேயே மிட்டாய்க்கடை. எட்டு வருஷ சர்க்கரைக்காரனை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறாள் பார், என் மகள்!

சுகர் பார்க்கும் மிஷினைக் கமலா மறக்காமல் எடுத்து வந்திருக்கிறாள். துணிகூட அப்புறம்தான்.

26, வெள்ளி

காலையில் என் விரலில் குத்தினாள். 132. பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை மலாய் காஜா வாங்கி வந்தார். உள்ளே பாகு, மேலே பாலாடை. ஆளுக்கு இரண்டு. ஆசையாய் வாங்கி வந்ததை வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடும். கமலா வழக்கம்போல என் தட்டை இழுத்துக்கொண்டாள். "யாமினி நைனா பங்கு எனக்கு." எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் பிரசாதம் எதுவானாலும் எட்டு வருஷமாக என் பங்கு அவளுக்குத்தான். அவள் தின்றால் நான் தின்ற மாதிரி என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வயிறு எரிகிறது.

சாயங்காலம் கடற்கரையில் சிப்பி கிழித்து அவள் குதிகாலில் ரத்தம். "மஞ்சள் வெச்சா ஆறிடும்" என்றாள்.

27, சனி

புரட்டாசி இரண்டாம் சனி. சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தளிகை போட்டாள். வரும் வழியில் திருமலையில் வாங்கிய லட்டு வேறு. பிரசாதத்தை மறுக்கவும் கூடாது, வீணாக்கவும் கூடாது. கண்ணில் ஒற்றி ஒரு துணுக்கு வாயில் போட்டேன். மீதி அவளுக்கு. பக்கத்து வீட்டு ரத்னம்மா பதிலுக்குப் பொப்பட்டு, நம்ம போளிதான், கொடுத்தனுப்பினார். நெய் சொட்டச் சொட்ட, சூடாக. அதிலும் என் இரண்டு அவளுக்கு.

28, ஞாயிறு

128. மறுபடியும் காஜா.

30, செவ்வாய்

கமலா சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடிக்கிறாள். "இன்னா, கடலையே குடிச்சிடுவ போலக்கீது" என்று கிண்டல் செய்தேன். உப்புக்காற்று என்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை; கண்ணாடி மாற்ற வேண்டுமாம். காயம் ஆறவில்லை. குதிகால் வீங்கிப் பளபளவென்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"என்னுது வுடு. நீ மாத்திர போட்டியா?"

போட்டேன் என்றேன். ஆஸ்பத்திரிப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

2 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. கொல்லையில் விழுந்து கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. பேச்சு குழறுகிறது. திருப்பதிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். ஆம்புலன்சில் எழுதுகிறேன் — வேறு என்ன செய்ய?

3, வெள்ளி

டாக்டரம்மா கேட்டார்: "ஷுகர் எத்தனை வருஷமா?"

"எட்டு வருஷம்மா."

"மீக்கு காதண்டி. ஆமெக்கு."

எனக்கு எத்தனை வருஷம் என்று கேட்கவில்லையாம். அவளுக்கு. அவளுக்கு இருப்பதே இப்போதுதான் தெரியும். 584. பல வருஷமாக இருந்திருக்கும் என்கிறார். காயத்தில் இருந்த விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

மிஷின் என் மடியில், பையில்தான் இருந்தது. எட்டு வருஷம் தினமும் என் விரலைப் பிடித்துக் குத்தினாளே, அவள் விரல் அங்கேயேதானே இருந்தது? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "குடு, உனக்கும் பாக்கலாம்"னு சொல்ல இன்னாடா கேடு உனக்கு?

4, சனி

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் கொஞ்சம் கண் திறந்தாள். "துன்னியா?" என்று கேட்டாள். துன்னேன் என்றேன். பொய்.

6, திங்கள்

விடியற்காலை 5.40. கமலா போயிட்டா.

21, செவ்வாய்

நகரி. பதினாறாம் நாள். நேற்று ஊரெல்லாம் பட்டாசு வெடித்தது. எங்களுக்குத் தீபாவளி இல்லை.

படையலுக்கு ஹேமநாத் அங்கிருந்தே மலாய் காஜா வாங்கி வந்திருந்தார். அவளுக்குப் பிடிக்குமே என்று நான்தான் சொன்னேன். யாமினி என்னையே பார்த்தாள்.

"நைனா, அம்மாவுக்கு இனிப்பே ஆவாது. முறுக்கு, மிக்சர்தான் கேக்கும். உன் தட்டுல இருந்தா நீ துன்னுடுவேன்னு பயந்துக்கினு துன்னும். முழுங்கிட்டு உள்ள போயி ஊறுகா நக்கும், எங்கிட்டயே சொல்லிக்கீது."

முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். எனக்குத் தெரியாது.

படைத்ததைப் பங்கிட்டார்கள். என் இலையில் இரண்டு காஜா. பந்தி முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் இரண்டும் அப்படியே இருந்தன. இழுத்துக்கொள்ள ஆளில்லை.

22, புதன்

மிஷினில் எப்படிக் குத்துவது என்று யாமினி சொல்லிக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நானே குத்திக்கொண்டேன்.

119.