சிட்டுவின் பின்னலுக்கு வாழைப்பழமும் தயிரும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். நீயும் பேத்தி சிட்டுவும் நலமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், அதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "ம்", "சரி" என்ற இரண்டைத் தவிர வாயைத் திறப்பதில்லை, குழந்தை வேறு பக்கத்திலேயே இருக்கிறாள், நான் சொல்லப்போவது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அவளுக்கு நம் எழுத்து படிக்கத் தெரியாதே என்று எத்தனை நாள் உன்னைத் திட்டியிருக்கிறேன், இப்போதைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

அம்மா வாக்கரை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர், ஆனால் அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நீ மட்டுமாவது போ என்று அவள் என்னைத் துரத்துகிறாள், இவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவேன், நீயே சொல். மருமகள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது, இறுதிச் சடங்கன்று, போன் திரையில்தான், அதுவும் நடுநடுவே நின்று நின்று வந்தது. நின்ற இடத்தில் எல்லாம் அம்மா திரையைத் துணியால் துடைத்தாள், துடைத்தால் வந்துவிடும் என்பது போல. பெயிண்டிங் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். என் ஏணியை அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள், இந்த வயதில் நீயும் விழுந்தால் நம்மை யார் தூக்குவது என்று கேட்கிறாள். பக்கத்துக் கட்டிடத்தில் கீழே நின்றபடி அடிக்கிற சுவர்களை மட்டும் அடித்துக்கொடுக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன முறை பேசியபோது, குழந்தை தூங்கும் நேரத்தில் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் கட்டில் பக்கத்தில் போய் நின்றதாகச் சொன்னாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு, கோபம் எப்படி வரும். அன்றைக்குக் காலையில் மருமகள் போட்டுவிட்ட பின்னல் அது, பின்னிவிட்டு வேலைக்குப் போனவள் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாள், வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தப் பின்னலை அவிழ்க்க விடாமல் குழந்தை தலையைக் கையால் பொத்திக்கொள்கிறாள், குளிக்கவும் விடுவதில்லை, முடி சிக்குப் பிடித்து நார்க்கயிறு மாதிரி ஆகிவிட்டது, வாடை வருகிறது என்று டீச்சரும் சொல்லி அனுப்புகிறார். இந்த வாரக் கடைசியில் ஒட்ட வெட்டிவிடப் போகிறேன், முடிதானே, வளர்ந்துவிடும் என்றாய். என் கடிதம் கூரியரில் வரும்வரை கத்திரியைத் தொடாதே என்று நான் சொன்னதற்கு "சரி" என்றாய். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இதை எழுதுகிறேன். தூங்கும்போது வெட்டிவிடாதே. விழித்துத் தலையைத் தொட்டுப் பார்க்கிற குழந்தையை நீ எப்படிச் சமாளிப்பாய்?

வெட்டாமல் எப்படிப் பிரிப்பது என்று நீ கேட்பாய் என்பதால் இங்கே நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். கடையில் விற்கிற கிரீம் வேண்டாம், சொறிந்து சொறிந்து குழந்தை தலையில் ஆகியிருக்கும் புண்ணுக்கு அது எரியும், வாழைப்பழமும் தயிரும் போதும் என்றாள் அம்மா. சோதனைக்கு அவள் தலையையே கொடுத்தாள். அவளே தன் பின்னலை அழுந்தத் தேய்த்துச் சிக்காக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், இத்தனை வருஷக் குடித்தனத்தில் உன்னிடம் தலையைக் கொடுத்தது இன்றைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே. முதல் தடவை பழத்தைக் கையால் மசித்து அப்படியே அப்பிவிட்டேன். காய்ந்ததும் முடிக்குள் பழம் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொண்டு எதற்கும் வரவில்லை, பால்கனிக்குப் போனால் புறா கொத்திவிடும் என்று பயந்து அவள் உள்ளேயே இருந்தாள். அடுத்த தடவை முட்டை சேர்த்தால் வழவழப்பாக இருக்கும் என்று நானாக ஒன்றை உடைத்து ஊற்றினேன். குளிருமே என்று வெந்நீரை எடுத்துத் தலையில் விட்டேன், முட்டை தலையிலேயே வெந்துவிட்டது. அன்றைக்கு அம்மா சிரித்தாள் கண்ணு. அந்தச் செய்திக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள், முட்டைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து முடிக்கும்வரை அழுதாள், நானும்தான்.

மூன்றாவது தடவை சரியாக வந்தது, அதைத்தான் சொல்கிறேன், இந்தப் பக்கத்தைச் சமையலறையில் ஒட்டி வைத்துக்கொள். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த, நன்றாகக் கனிந்த பழம் இரண்டு. கனியாத பழம் ஆகாது. மிக்சியில் தண்ணீர் விடாமல் அடித்து, மெல்லிய பழைய துணியில் பிழிந்து வடிகட்டு. பெயிண்டை வடிகட்டாமல் அடித்தால் சுவரெல்லாம் பொரிப்பொரியாக நிற்குமே, அதே கதைதான். அதில் புளிக்காத தயிர் ஒரு சின்னக் கிண்ணம், பிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வை, சில்லென்று பட்டால் அவள் எழுந்து ஓடிவிடுவாள். தேன் ஒரு கரண்டி, சமையல் எண்ணெய் இரண்டு கரண்டி, தேங்காய் எண்ணெய் கிடைத்தால் ரொம்ப நல்லது. முட்டை வேண்டவே வேண்டாம். முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார், அரிப்பு இல்லையென்றால் ஆரம்பி. புதுப் பெயிண்ட் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள், கையால் அப்புவதைவிடப் பிரஷ்ஷில் தடவினால் உள்ளே இறங்குகிறது. தலையில் தொடங்காதே, நுனியில் தொடங்கு. காய்ந்த பெயிண்டைச் சுரண்டினால் சுவரும் கூடப் பெயர்ந்து வரும் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன், ஊறவைத்தால் தானாகக் கழன்று வரும். நன்றாக ஊறட்டும், அவசரப்படாதே. அப்புறம் சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரி, அப்படிப் பிடித்தால் இழுப்பது அவள் தலைக்குத் தெரியாது. சீப்பு கடைசியில்தான், அதுவும் பல் அகலமான சீப்பு. கழுவுவது வெதுவெதுப்பான தண்ணீரில். ஒரே நாளில் முடியாவிட்டால் பரவாயில்லை, மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி எழுதுவது ஒட்டி வைக்கிற பக்கத்துக்கு இல்லை, உனக்கு மட்டும். மூன்றாவது தடவை தலை துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா இதை என்னிடம் சொன்னாள். சிட்டு போனில் அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று குழந்தை அழுத நாட்களில் மருமகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். காலையில் பின்னும்போது தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, குழந்தையின் பின்னலுக்குள் சேர்த்துப் பின்னிவிடுவாளாம். நான் உள்ளேதான் இருக்கேன், சாயங்காலம் வந்து என்னைக் கண்டுபிடிச்சு எடுத்துக்கிறேன் என்று சொல்லி அனுப்புவாளாம். சாயங்காலம் இருவருமாகப் பின்னலை அவிழ்த்து அந்த ஒற்றை முடியைத் தேடி எடுத்து, ஜன்னலில் வைத்து ஊதிவிடுவார்களாம். நீ வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், அதனால் உனக்குத் தெரிய வழியில்லை. அன்றைக்கும் வைத்துப் பின்னியிருக்கிறாள். அதை எடுக்க அவள் வரவில்லை. "அம்மா உள்ளதான் இருக்கா பாட்டி, அம்மாதான் வந்து எடுக்கணும், வேற யாரும் எடுக்கக்கூடாது" என்று குழந்தை சொன்னாளாம். உன் அம்மா இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்றாள் என்று எனக்குப் புரியவில்லை. நீ கத்திரிக்கோல் என்ற பிறகுதான் சத்தியத்தை மீறியிருக்கிறாள். பாட்டிதான் சொல்லிவிட்டாள் என்று சிட்டுவிடம் நீயே சொல்லிவிடு, கோபம் என்மேலேயே இருக்கட்டும், என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை என்கிறாள்.

அதனால் தடவுவதற்கு முன்னால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு விஷயம் தெரியும் என்று சொல். அம்மா இனி வரமாட்டாள், அதனால் நாம் இருவரும் தேடுவோமா என்று அவளையே கேள். அந்தப் பேச்சை நீ இன்னும் அவளிடம் பேசவில்லை என்று எனக்குத் தெரியும், ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிற மாதிரி எதையோ சொல்லி நாளைத் தள்ளுகிறாய். அவள் மாட்டேன் என்றால் விட்டுவிட்டு மறுநாள் கேள், வாடை வந்தால் வரட்டும், டீச்சருக்கு ஒரு வரி எழுதிப் போடு. சரி என்றால் மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள், தலையைக் குழாயடியில் காட்டாதே, தொட்டியில் கழுவு, அந்தத் தண்ணீரையும் துணியில் வடிகட்டிய பிறகு கொட்டு. தயிரும் எண்ணெயும் பட்டால் ஒற்றை முடி வழுக்கிக்கொண்டு போய்விடும், கவனம். குழந்தைக்கு நம் வீட்டுச் சுருட்டை, கறுப்பு. மருமகளுடையது நேர் முடி, நீளம், பழுப்பாகச் சாயம் போட்டிருந்தாள், பார்த்தால் தெரிந்துவிடும். கிடைத்தால் ஊதிவிடுவதா வைத்துக்கொள்வதா என்பதை நீ முடிவு செய்யாதே, அது அவளுடையது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. மருமகளின் சீப்பில் சிக்கியிருக்கும், ஒன்றை எடுத்துத் துணியில் போட்டுவிடச் சொல்லு என்கிறாள் அவள். அது பொய் என்றேன் நான். அதுவும் அவ முடிதானே, என்ன பொய் என்றாள். எதற்கும் அந்தச் சீப்பைக் கழுவிவிடாதே.

இன்னொன்று. சிக்கெல்லாம் பிரிந்து முடிந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு யாராவது பின்னிவிட வேண்டுமே. நீதான் பின்ன வேண்டும், மூன்று பிரியாகப் பிரித்து ஓரத்தில் இருப்பதை நடுவில் கொண்டுவருவதுதான், கயிறு கட்டத் தெரிந்த கைக்கு அது வரும். அம்மா தன் தலையிலிருந்து நாலு முடியைப் பிடுங்கி இந்த உறையில் வைக்கச் சொன்னாள், வெள்ளை முடி, தேடுவது சுலபம் என்றாள். நான்தான் வைக்கவில்லை. சிட்டுவின் அம்மா இடத்தில் இன்னொருவர் முடியை நாமாகக் கொண்டுபோய் வைக்கக்கூடாது, அது குழந்தைக்கும் தெரியும். அவளாகக் கேட்டால் வேறு விஷயம், கேட்கிற அன்றைக்கே அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி விளக்கை எரியவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே, குழந்தையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், வேறு எதையும் நாங்கள் கேட்கவில்லை. இதைமட்டும் மறந்துவிடாதே, மாதம் தவறாமல் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறாயே, இனிமேல் போகாதே, ஆபீசில் யார் என்ன சொன்னாலும் முடியை வளர விடு. என்றைக்காவது காலையில், அப்பா நீ ஒண்ணு வை என்று அவள் கேட்பாள். அன்றைக்குப் பின்னலுக்குள் வைக்கிற நீளத்துக்கு உன் தலையில் ஒரு முடியாவது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா பக்கத்திலிருந்து படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடும்
உன் அப்பா