உன்னைக் கூட்டிவரப் போற வேன்

லிமா, அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அற்புதங்களின் ஆண்டவர் தயவில் இங்க நானும் உங்கம்மாவும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், என் முட்டிவலியும் என்கூடவே நடமாடுது. நீ நல்லா இருக்கியான்னு எப்பவும்போல கேட்டு எழுத இந்தத் தடவை மனசு வரல, ஏன்னா நீ எப்படி இருக்கேன்னு உன் அறைத்தோழி நான்சி எங்களுக்குச் சொல்லிட்டா. அவமேல கோவிச்சுக்காதே, உங்கம்மா போன்ல அழுது பிடுங்கின விஷயம்தான் அது. ராத்திரி பூரா கட்டில் ஓரத்தில உக்காந்திருக்கியாம், தட்டில வச்சது வச்சபடி இருக்காம், எத்தனை காலுறை மாட்டினாலும் கால் ரெண்டும் பனிக்கட்டியாட்டம் இருக்காம், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறியாம். டாக்டர் மாத்திரையை மாத்தி மாத்திக் கொடுத்தும் உன் உடம்பு இளைச்சுக்கிட்டே போகுதாம். நீ பார்த்துக்கற அந்த இத்தாலியக் கிழவியே உன்னைப் பார்த்து பயந்து, இந்தப் பொண்ணுக்கு முதல்ல யாராவது சோறு ஊட்டுங்கன்னு சொன்னாளாமே. போன்ல நாங்க என்ன கேட்டாலும் நீ "ம்"ங்கறதோட சரி. அதான் நான்சியோட தம்பி வர்ற வாரம் மிலானுக்கு விமானம் ஏறறான்னு தெரிஞ்சதும் அவன் கையில இந்தக் கடுதாசியையும் ஒரு பொட்டலம் வறுத்த சோளத்தையும் கொடுத்தனுப்பறேன். சோளத்தை நான்சி முழுசா முழுங்கிடாம பார்த்துக்க. கடுதாசியை நடுவில நிறுத்தாம கடைசிவரைக்கும் படி.

மார்க்கெட்டில உருளைக்கிழங்கு வரத்து நல்லாத்தான் இருக்கு, வாங்கத்தான் ஆளில்ல, அது கிடக்கட்டும். உன் ஞானத்தாய் சொய்லா நம்ம கடைக்கு ரெண்டு கடை தள்ளி மூலிகை விக்கிறவ, நம்ம வீட்டு விஷயம் எதுவும் அவ காதுக்குப் போகாம தப்பாது. நான்சி சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுட்டு, இது வியாதி இல்ல செலெஸ்தீனோ, இது பயத்தில பிரிஞ்சு நின்னுபோன உயிர், புள்ளையோட உடம்பு மட்டும்தான் விமானம் ஏறிப் போயிருக்கு, மிச்சம் மலையிலயே நிக்குதுன்னா. அவ எந்த மலையைச் சொன்னான்னு உனக்கே தெரியும். போன வருஷம் ஆகஸ்டில நீ லீவுக்கு வந்து, நம்ம ஊர்த் திருவிழா முடிஞ்சு எல்லாரும் வாடகை வேன்ல லிமாவுக்கு இறங்கி வந்தப்போ, கணவாய்க்கு இந்தப் பக்கம் அந்தப் பெரிய வளைவில மூடுபனிக்குள்ள பிரேக் பிடிக்காம முன்சக்கரம் ரெண்டும் பள்ளத்துமேல தொங்கிச்சே, அதே இடம். யாருக்கும் சிராய்ப்புகூட இல்ல, அதனால நாங்க எல்லாரும் சிரிச்சு, பீர் குடிச்சு, மறந்தே போனோம். நீ மட்டும் செருப்பு ரெண்டையும் வேனுக்குள்ளயே விட்டுட்டு, மஞ்சள் ஸ்வெட்டரோட வெறுங்காலில பள்ளத்தோரம் நின்னு கீழேயே பார்த்துக்கிட்டிருந்தே. உங்கம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்டை கட்டிப்போச்சு. அதுக்கப்புறம் நாலஞ்சு நாளில நீ இத்தாலிக்குப் போயிட்டே, அன்னைக்கே சொய்லாகிட்ட சொல்லியிருக்கணும், எங்களுக்குத் தோணல.

அப்படி நின்னுபோனதைத் திரும்பக் கூட்டிவர, விழுந்த இடத்துக்கே போய், நீ உடுத்தின துணியை வீசி, பேர் சொல்லிக் கூப்பிடணும். நீ சின்னதில கழுதைமேலருந்து விழுந்தப்போ உங்கம்மா செஞ்சதுதான். ஆனா அது வீட்டு வாசல், இது மலை, அதனால உனக்குப் பழகின குரல் எத்தனை உண்டோ அத்தனையும் வேணும்னா சொய்லா. அப்படித்தான் இந்த வேன் பயணம் ஆரம்பிச்சது. எல்லாப் புனிதர் திருநாள் அன்னைக்கு எல்லாருக்கும் லீவு, அன்னைக்கே போகலாம்னு முடிவு பண்ணோம். உங்கம்மா வீட்டில வளர்க்கற கினி எலி ரெண்டைத் தீவனம் போட்டுக் கொழுக்க வச்சுக்கிட்டிருக்கா, கூப்பிட்டு முடிச்சு கீழே ஆத்தோரம் வந்ததும் வறுத்துச் சாப்பிடறதுக்கு. சொய்லா மலைமயக்கத்துக்குக் கோக்கா இலை கொண்டுவர்றா. உன் மாமா ஃபௌஸ்தோ கொண்டுவர்றது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதில என்ன சண்டைன்னா, கதவோரத்து ஜன்னல் சீட்டைக் காலியா விடணும், கூட்டிட்டு வர்ற உயிர் அங்கதான் உக்காரும், வழிநெடுக யாரும் பின்னாடி திரும்பிப் பார்க்கக்கூடாதுன்னு சொய்லா சொல்றா. இவன் என்னடான்னா, உயிருக்கு இடுப்பா இருக்கு, இவ்வளவு பெரிய சீட்டு எதுக்கு, பீர்ப் பெட்டியை அங்க வச்சு அதுமேல அவளை உக்கார வைக்கலாம்னு வாதாடறான். உங்கம்மா கரண்டியோட எழுந்தா, அதோட வாயை மூடினான்.

வேன் பிடிக்கற வேலை என் தலையில விழுந்துச்சு. எனக்கு இதிலெல்லாம் அரை நம்பிக்கைதான், ஒருதடவை போய்ட்டு வந்தா உங்கம்மா மனசாவது ஆறுமேன்னுதான் ஒத்துக்கிட்டேன். முதல்ல பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஒருத்தனைக் கேட்டேன். கணவாய் தாண்டிப் போக வேண்டாம், இந்தப் பக்கத்து வளைவிலயே கொஞ்சநேரம் நிறுத்தணும்னு மட்டும்தான் சொன்னேன். அவன் தொப்பியைக் கழட்டிட்டு, ஓ, மஞ்சள் ஸ்வெட்டர் பொண்ணுக்கு மெழுகுவர்த்தி ஏத்தவா, நேர்ச்சை ஏதாவது பலிச்சுதா பெரியவரேன்னான். ஸ்வெட்டர்னு நான் ஒரு வார்த்தை சொல்லலையே. என்ன பொண்ணுன்னு கேட்டதுக்கு, பனி இறங்கினா வெறுங்காலோட ரோட்டோரம் நிப்பா, லிமாவுக்குப் போகுதான்னு கையைக் காட்டிக் கேப்பா, வண்டியை நிறுத்தினா ஆள் இருக்க மாட்டா, எனக்கு அங்க நிறுத்தற தைரியம் கிடையாது, போய்ட்டு வாங்கன்னுட்டான்.

அப்புறம்தான் எலோய் கிடைச்சான். மலைக்கு அந்தப் பக்கம் தார்மா ஊர்ப் பையன், சொந்த வேன், கூடை கூடையா பூ ஏத்திட்டு வாரத்துக்கு ரெண்டு நடை வர்றவன், மரியாதை தெரிஞ்சவன். நேர்ல ஒருதடவை இடத்தைப் பார்த்துட்டா எங்க நிறுத்தலாம்னு முடிவு பண்ணலாம்னு சொல்லி, காலி வண்டி திரும்பறப்போ என்னை முன்சீட்டில ஏத்திக்கிட்டான். மேல போகப்போக பேசிக்கிட்டே வந்தவன் வளைவு நெருங்கினதும் பேச்சை நிறுத்திட்டு ஹாரன் அடிச்சான், யாரும் எதிர்ல வரல, எதுக்குடா அடிக்கறேன்னேன், அவளுக்கு வணக்கம் ஐயான்னான். இறங்கினோம். பட்டப்பகல்தான், ஆனா பனி முட்டளவுக்குப் படுத்துக் கிடந்துச்சு. அங்க ஒரு மரச்சிலுவை நட்டிருக்காங்க, ரோட்டில செத்தவங்களுக்கு நடறாங்களே அந்த மாதிரி. சுத்திலும் மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் பூ, ரொட்டி. அதைவிட, செருப்பு. பொம்பளைங்க செருப்பு, ஷூ, கம்பளிச் செருப்பு, வரிசை வரிசையா. அவ வெறுங்காலில நிக்கறாளேன்னு போற வர்ற டிரைவருங்க வாங்கி வைக்கறாங்களாம். எல்லாம் காய்ஞ்சு தூசி படிஞ்சு கிடக்க, ஒரு ஜோடி மட்டும் ஈரமா, உள்ளே சேறோட, யாரோ போட்டு நடந்து பார்த்துட்டுக் கழட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. எடுத்து அளவு பார்த்தேன். உன் அளவு.

நான் எலோய்கிட்ட, தம்பி, இவ செத்தவ இல்லடா, என் மகள், இத்தாலியில உயிரோட இருக்கா, நீங்க உயிரோட இருக்கிறவளுக்குச் சிலுவை நட்டு ஆத்மா இளைப்பாறட்டும்னு தினம் ஜெபிச்சு ஜெபிச்சு அவளை அங்க உருக்கிக்கிட்டு இருக்கீங்கன்னு கத்தினேன். அவன் மெதுவா, ஐயா தப்பா நினைக்காதீங்க, இந்தச் சிலுவை வந்ததிலிருந்து இங்க ஒரு வண்டிகூட பள்ளத்தில போகல, அவ கையைக் காட்டறதாலதான் வேகத்தைக் குறைக்கறோம், நீங்க கூட்டிட்டுப் போயிட்டா எங்களுக்கு யாருன்னான். எனக்கு வந்த கோபத்தில, நான் பெத்தது மகளை, வழிகாட்டிப் பலகையை இல்லன்னேன். சொன்னதுக்கு இப்பவும் வருத்தமில்ல. அவங்க பயம் எனக்குப் புரியாம இல்ல, ஆனா ரோட்டுக்குத் தடுப்புச்சுவர் கட்ட வேண்டியது அரசாங்கம், நீ இல்ல. அப்புறம் அவன் கேட்டதுதான் என்னைக் குலைச்சுப் போட்டுச்சு. டிரைவர் சங்கத்தில, புனிதர் திருநாளுக்கு மறுநாள் வர்ற கல்லறைத் திருநாளுக்கு சிமெண்ட்டில நிரந்தரமா கட்டப் போறாங்களாம், சாமியார் வந்து பூசை வைக்கறாராம், கல்வெட்டில போட பேர்தான் இல்லாம நிக்குதாம், உங்க மகள் பேர் என்ன ஐயான்னான். நான் வாயைத் திறக்கல. செத்தவங்க பேரா எழுதி, பூசையில வாசிச்சுட்டாங்கன்னா அப்புறம் நாம எந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிடறது? அந்த இடத்தில நின்னுக்கிட்டு, பனிக்குள்ள பார்த்துக்கிட்டு, உன் பேர் என் தொண்டை வரைக்கும் வந்துச்சு கண்ணு. எலோய் பக்கத்திலயே நின்னான். அப்படியே முழுங்கிட்டு வண்டியில ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், பேரை விடாம இருந்ததுதான் நீ இத்தனை வருஷத்தில செஞ்ச ஒரே புத்திசாலித்தனம் செலெஸ்தீனோன்னு சொய்லா மெச்சிக்கிட்டா. ஆனா இன்னொண்ணும் சொன்னா. உயிர் கடல் தாண்டாதாம், துணியில சுருட்டி விமானத்தில அனுப்பறதெல்லாம் நடக்காதாம். உன் உடம்பு அந்த வேன்ல இல்லாம நாங்க மட்டும் போய்க் கூப்பிட்டா, அது நம்ம வீட்டுக்கு வந்து உன் அறையிலயே தங்கிடுமாம், நீ அங்க இப்படியேதான் இருப்பியாம். இதைக் கேட்டுட்டு உங்கம்மா என்ன பண்ணா தெரியுமா, மறுநாள் உன் கட்டில் விரிப்பை எல்லாம் துவைச்சுக் காயப் போட்டுக்கிட்டிருந்தா. என்னடி இதுன்னேன். அவ வராட்டி அதுவாவது வரட்டுமே, வீட்டில ஒரு மகளாவது இருக்கட்டும், நான் தட்டு வைப்பேன்னா. அறிவிருக்கா உனக்குன்னு தெரு கேக்கக் கத்தினேன். கத்திட்டு, சாயங்காலம் நானே போய் உன் அறையில எரியாம கிடந்த பல்பை மாத்தினேன். பெத்தவங்க எவ்வளவு தூரம் இறங்குவாங்கன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அதனால நீயே கிளம்பி வந்தாகணும், லீவு கிடைக்கல, கிழவியை யார் பார்த்துப்பான்னெல்லாம் சொல்லாதே. நீயே இல்லாம நீ யாரைப் பார்த்துக்கப் போறே?

எலோயும் மனசு மாறி வீட்டுக்கு வந்தான். வேற எவனும் அங்க நிறுத்த மாட்டான், இத்தனை நாள் எங்களைக் காப்பாத்தினவளை நானே பத்திரமா இறக்கிக் கொண்டுவர்றேன், எனக்குக் காசு வேண்டாம்னான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. இந்தக் கடுதாசியை இந்த இடத்தில முடிச்சு ஒட்டி வச்சிருந்தேன். இன்னைக்குக் காலைல மார்க்கெட்டில மூட்டை இறக்கறப்போ எலோய் போன் பண்ணான், குரலே சரியில்ல. ஐயா, கல்வெட்டுக்கு இனிமே பேர் தேட வேண்டாம்னு சங்கத்தில சொல்றாங்க, காட்டுப்பக்கத்திலிருந்து ஆரஞ்சு ஏத்திட்டு வந்த லாரிக்காரர் ஒருத்தர் நேத்து வளைவில வேகத்தைக் குறைச்சு, உன் பேர் என்னம்மா, கல்லில எழுதணும்னு ஜன்னல் வழியா அவகிட்டயே கேட்டாராம், அவளும் சொல்லிட்டாளாம், தெய்சி யாவுரிதான் உங்க மகளான்னு கேட்டான். நான் சொல்லல. உங்கம்மா சொல்லல, சொய்லா சொல்லல. கூட மூட்டை இறக்கிக்கிட்டிருந்த ஃபௌஸ்தோ சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன், செத்துப்போன எங்கம்மாமேல சத்தியம் நான் சொல்லலைன்னு அழறான். போன்ல எலோய் அதோட விடல. இன்னொண்ணும் சொன்னாளாம் ஐயா, உங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு தெரியலன்னு இழுத்தான். சொல்லுடான்னேன். அன்னைக்கு எங்கப்பா இங்க வந்தாரு, என்னைக் கூப்பிடாமலே போயிட்டாருன்னு சொன்னாளாம்.

இதுக்குமேல புனிதர் திருநாள் வரைக்கும் காத்திருக்க முடியாது, அவங்க சிமெண்ட் குழைக்கறதுக்கு முன்னாடி போயாகணும், நீ எந்த நாள் லிமாவில இறங்குறியோ அதுக்கு மறுநாளே வேன் கிளம்பும், எலோய் பூ நடையை நிறுத்திட்டுக் காத்திருக்கான். டிக்கெட்டுக்குப் பணம் நான்சி தம்பிகிட்டயே கொடுத்தனுப்பறேன், எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காதே. வர்றப்போ கம்பளி எடுத்துக்க, மேல குளிர் தாங்காது. வழியில யார் உன் பேரைக் கேட்டாலும் யோசிச்சுச் சொல்லு. உங்கம்மா உன் நெத்தியில சிலுவை போட்டு அனுப்பறா, ஞானத்தாயும் மாமாவும் ஆசீர்வாதம் சொல்றாங்க, ஆண்டவர் உன்னைக் கைப்பிடிச்சுக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மறந்துடாதே, படிச்சு முடிச்சதும் நான்சியை விட்டு எனக்கு போன் போடச் சொல்லி ரிசீவரை உன் காதில வச்சுக்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம். அப்பா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்.

உன்னைப் பெத்த,
செலெஸ்தீனோ யாவுரி